கவுதாரியின் முதல் இரண்டு நொடி

காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடைப்பட்ட மானாவாரிக் காடுகளில் கவுதாரி பதுங்கியிருந்தால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. காலடி நெருங்கியதும் சடசடவென்று கிளம்பும். தாழப் பறந்து அடுத்த வேலியோரம் இறங்கி ஓடிவிடும். அதற்குமேல் பறக்க அதன் உடம்பு இடம் கொடுக்காது. ஆக்சிஜனுக்குக் காத்திராமல், சேமித்து வைத்த சர்க்கரையை நொடியில் எரித்து விசை தரும் தசைநார்கள் அதன் நெஞ்சில் அதிகம். சதை வெளிறியிருப்பது அதனால்தான். சீக்கிரம் களைத்துப்போவதும் அதனால்தான். குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து நீலகிரிச் சோலைகளுக்கு வந்து சேரும் வுட்காக் பறவையின் நெஞ்சுச்சதை கருஞ்சிவப்பு. அது நெடும்பயணத்துக்கான தசை.

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873இல். மலையேற வந்த வெள்ளைக்காரர்களின் பெட்டிகளோடு துப்பாக்கி உறைகளும் இங்கே இறங்கின. நீலகிரி வேட்டைச் சங்கம் 1877இல் அமைந்தது; கண்மூடித்தனமாகச் சுடுவதைக் கட்டுப்படுத்த 1879இல் சட்டமும் வந்தது. சுட்டவர்களே சட்டம் கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சுடுவதற்குப் பறவை மிஞ்ச வேண்டுமே.

அவர்கள் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலும் கேள்விப்படும் பெயர் 'பன்னிரண்டு போர்'. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை நுழையும் அகலமே அந்தக் குழலின் அகலம்: 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாக்கினால் 15.6. எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும்.

தோட்டாவுக்குள் இருப்பது ஒரு குண்டல்ல. 28 கிராம் ஈயத்தை 2.5 மில்லிமீட்டர் ரவைகளாக்கினால் ஏறக்குறைய 300 தேறும். கைநிறையக் கடுகை விசிறுவது மாதிரி அவை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறி, காற்று தடுக்கத் தடுக்க வேகம் இழக்கும். 30 மீட்டர் போக நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்றும், கவுதாரி நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ரவை சேருமுன் பறவை ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே சுடுபவர் பறவைக்கு முன்னால் இருக்கும் வெறும் காற்றைச் சுடுகிறார். ரவைக்கூட்டமும் பறவையும் அங்கே சந்திக்க வேண்டும்.

கூட்டத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது குழல்வாயின் இறுக்கம். வாய்ப்பக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுக்கினால் 36 மீட்டர் தொலைவில் 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் எழுபது விழுக்காடு ரவைகள் விழும். குறுக்காவிட்டால் நாற்பதுதான். இந்த ஒரு மில்லிமீட்டர்தான் எனக்கு வியப்பு. எண்பது ரவைகளுக்கு மேல் வட்டத்துக்குள் விழுவதும் வெளியே போவதும் அதைப் பொறுத்தது.

விலை மலிந்த துப்பாக்கியை எடைபோடவும் இந்தக் கணக்கே போதும். பீகாரின் முங்கேரில் உரிமம் பெற்ற பட்டறைகள் செய்யும் ஒற்றைக்குழல் துப்பாக்கியிலிருந்தும், லண்டனில் சித்திர வேலைப்பாட்டோடு செய்த இரட்டைக்குழலிலிருந்தும் வாயிறுக்கம் ஒன்றானால் ஒரே தோட்டா ஏறக்குறைய ஒரே கூட்டத்தைத்தான் எறியும். கூடுதல் காசு மரத்துக்கும், கைக்குப் படியும் சமநிலைக்கும், உடனே கிடைக்கும் இரண்டாம் சூட்டுக்கும் போகிறது. எடை மட்டும் அலங்காரமல்ல. ரவையின் எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது துப்பாக்கிக்காரர்களின் பழைய கணக்கு. 28 கிராமுக்கு அது 2.7 கிலோ. அதைவிடக் குறைந்தால் சுடும்போது வரும் பின்னுதையின் மிச்சத்தைத் தோள் தாங்கும்.

ரவை உருண்டையாவது இன்னொரு விந்தை. பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் 1782இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிறிது ஆர்சனிக் கலந்து உருக்கிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியே சொட்டவிட்டார். விழும் துளியைப் பரப்பு இழுவிசை உருண்டையாக்கும். கீழே தண்ணீர்த் தொட்டி அதை ஆற்றும். அச்சே தேவையில்லை.

இன்று நம் ஊரில் கவுதாரி சுட எந்த உரிமமும் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் 1991இல் வந்த திருத்தம் உரிமம் பெற்ற வேட்டையையும் முடித்துவைத்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. அது வேட்டைக்குக் கொடுத்த அனுமதி அல்ல.

துப்பாக்கி ஓய்ந்தாலும் ஈயம் ஓயாது. ஒரு சூட்டில் பறவைமேல் படுவது நாலைந்து ரவைகள், மற்றதெல்லாம் மண்ணில். தீனியை அரைக்கப் பொடிக்கல் விழுங்கும் பறவைகள் ரவையையும் கல்லென்று விழுங்கும். வயிற்றுத்தசை அரைக்க, அமிலம் கரைக்க, ஈயம் ரத்தத்தில் ஏறும். சதுப்புநிலங்களில் வாத்துகள் இப்படிச் செத்ததால்தான் அமெரிக்கா அதே 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை நாடெங்கும் தடுத்தது. மாற்றாக வந்த எஃகு ஈயத்தைவிட லேசு, ஆகவே வேகம் சீக்கிரம் குறையும். ரவையைப் பெரிதாக்க வேண்டும். ஈயம்போல் நசுங்கிக் கொடுக்காததால், வாய் இறுகிய பழைய குழல்களில் எஃகைப் போட்டுச் சுட்டால் குழலே வீங்கிவிடக்கூடும்.