திறந்து பார்க்க முடிந்த பாட்டுப்பெட்டி

நாயுடுபேட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் கையில் இருக்கும் ஃபோன்களில் சிலவாவது இந்தத் திருப்பதி மாவட்டத்திலேயே பொருத்தப்பட்டவையாக இருக்கும். தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் ஆலை இருக்கிறது. ஷாவ்மி இந்தியாவில் தயாரித்து விற்ற முதல் ஃபோனான ரெட்மி 2 பிரைம், 2015 ஆகஸ்டில் அங்கிருந்துதான் வெளிவந்தது. திருப்பதியில் டிக்ஸன் ஆலை 2018இல் ஷாவ்மிக்கு டிவி பொருத்திக் கொடுக்கத் தொடங்கியது. 2025 மே மாதம் எல்ஜியும் ஸ்ரீசிட்டியில் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நெடுஞ்சாலையில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஜன்னலோரம் தலை சாய்த்திருக்கும் பெண்பிள்ளைகளில் பலர் காதில் இயர்பட்ஸ்.

எண்பதுகளில் இதே ஊரில் பாட்டுக் கேட்கும் கருவி என்றால் அது கடல் கடந்து வந்த பொருள். அன்று நாயுடுபேட்டை நெல்லூர் மாவட்டம். திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது 2022 ஏப்ரலில்தான். மாவட்டம் எதுவானாலும் கடைக்குப் போவதென்றால் எங்களுக்குச் சென்னைதான். சுமார் 110 கிலோமீட்டர். காலை வண்டி பிடித்தால் மதியத்துக்குள் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் போட்ட கடைகள் அவை. சிங்கப்பூர் டூ இன் ஒன், வாக்மேன், காலி கேசட் எல்லாம் அங்கே கிடைக்கும். குவைத்துக்கு வேலைக்குப் போனவர்கள் வீட்டில் பெரிய ஸ்டீரியோ இருக்கும்; சாயங்காலம் அந்தத் தெரு முழுக்க அதன் சத்தம்தான்.

ஆனால் ஒன்று. அந்தக் கருவி எங்கிருந்து வந்திருந்தாலும், கெட்டுப் போனால் எங்கள் பஜாரிலேயே சரிசெய்து விடலாம். இன்று கருவி பிறப்பதே பக்கத்தில். கெட்டால் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் பிரிக்க வழியில்லை. இந்த நாற்பது வருடத்தில் பாட்டுக் கேட்பதில் நடந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பஜாரில் ஒரு மெக்கானிக் இருந்தார். ரேடியோ, டேப், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் பார்ப்பார். டேப்பில் சத்தம் அமுங்கிக் கேட்டால் முதலில் மூடியைக் கழற்றுவார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைப்பார். நாடாவில் பூசியிருக்கும் இரும்பு ஆக்ஸைடு உதிர்ந்து ஒட்டியிருக்கும், பஞ்சு காவி நிறமாகிவிடும். அடுத்து ஹெட்டுக்குப் பக்கத்தில், கீழே சின்ன ஸ்பிரிங் வைத்த ஒரு ஸ்க்ரூ. பாட்டை ஓடவிட்டு, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அதைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருப்புவார். கேசட் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் ஓடும். அதற்கு நேரே நிற்கும் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் மேல் ஸ்தாயி சத்தமெல்லாம் காணாமல் போகும். சரியான இடத்துக்கு ஸ்க்ரூ வந்ததும் டிரம்ஸில் சிம்பல் தட்டுவது பளிச்சென்று வெளியே வரும். அதுவரை அந்தப் பாட்டில் சிம்பல் இருந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் கொண்டுபோகும் கேசட்டுகளில் பிங்க் ஃபிளாய்ட் இருக்கும், டீப் பர்ப்பிள் இருக்கும். அவர் வீட்டில் கேட்பது கண்டசாலா. ஆனாலும் என் கேசட்டைத்தான் கேட்டு வாங்கிப் போடுவார். “பாட்டு எனக்குப் புரியாது தம்பி. ஆனா பெல்ட் லூஸா இல்லையான்னு இதுதான் காட்டிக் கொடுக்கும்” என்பார். எவ்வளவு சரியான பேச்சு! சினிமா வசனக் கேசட்டில் வேகம் லேசாகத் தடுமாறினால் யாருக்கும் தெரியாது. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் கிதாரில் ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கும்போது பெல்ட் தளர்ந்திருந்தால் அந்தச் சுரம் நடுங்கும். சில ரூபாய்க்குப் புது பெல்ட் போட்டால் நடுக்கம் நிற்கும். ராக் இசையைக் காதால் எடை போடுவதை நான் கற்றுக்கொண்ட இடம் அந்த மேஜைதான். எந்தப் பத்திரிகை விமர்சனமும் அதைச் சொல்லித் தரவில்லை.

சத்தத்தின் தரம் அன்றுதான் உயர்வு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேசட்டில் எப்போதும் ஒரு சீறல் உண்டு. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து வாங்கியது பிரதிக்குப் பிரதி எடுத்ததாக இருக்கும். பேஸ் கிதார் எது, டிரம்ஸ் எது என்று பிரித்தறிய முடியாது. இன்று ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு வரும் சீனக் கம்பி இயர்போன் அன்றைய வாக்மேன் ஹெட்போனைவிடப் பல மடங்கு மேல். சுற்றுச் சத்தத்தைக் குறைக்கும் வசதி வந்ததும் பெரிய நன்மை. ஸ்ரீகாளஹஸ்தி பஸ்ஸில் இன்ஜின் உறுமலுக்கு நடுவே ஒரு மெல்லிய கிதாரைக் கேட்பது முன்பெல்லாம் நடக்காத காரியம். பெட்டி பெட்டியாக, விளக்கு மின்னும் புளூடூத் ஸ்பீக்கர்கள் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அடிச்சத்தத்தை ஊதிப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ராக் போட்டால் கிதார் புதைந்து போகும்.

இப்போது ஃபியோ போன்ற கம்பெனிகள் புதிதாகக் கேசட் பிளேயரே செய்து விற்கின்றன. பழைய கேசட் பெட்டி வீட்டில் இருப்பவர்கள் வாங்கலாம். அழகுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

புது வெளியீடுகளுக்கு வருவோம். அன்று ஓர் ஆல்பம் வெளிநாட்டில் வந்து எங்கள் கைக்கு எட்ட மாதங்கள் ஆகும், சில வருடங்கள்கூட ஆகும். 1989-90 வாக்கில் மேக்னாசவுண்ட் கேசட் கம்பெனி வந்தபிறகு கொஞ்சம் வேகம் கூடியது. இன்று லண்டனில் வெளியாகும் நிமிடம் இங்கேயும் வெளியாகிறது. அந்த வகையில் அண்மைக்காலத்தில் என்னை உட்கார்த்தி வைத்துக் கேட்கச் செய்தது கில்மோரின் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’, 2024 செப்டம்பர். தலைப்புப் பாட்டில் கீபோர்டு வாசிப்பவர் பிங்க் ஃபிளாய்டின் ரிச்சர்ட் ரைட். அவர் 2008இலேயே இறந்துவிட்டார். 2007இல் சேர்ந்து வாசித்த பதிவை எடுத்து அதன்மேல் பாட்டைக் கட்டியிருக்கிறார் கில்மோர். இன்னொரு பாட்டை அவர் மகள் ரோமனி பாடுகிறார். எழுபத்தெட்டு வயதில் ஒருவர் வாசிக்கும் கிதார் இது. பழைய புகழை விற்றுப் பிழைக்கும் வாசிப்பாக இல்லை. ஒவ்வொரு சுரமும் வேண்டித்தான் வருகிறது.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹேக்னி டைமண்ட்ஸ்’ (2023) அவர்கள் பதினெட்டு வருடம் கழித்துச் சொந்தப் பாடல்களோடு போட்ட ஆல்பம். உற்சாகமானது, ஆனால் எல்லாப் பாட்டும் ஒரே உயரத்தில் சத்தமாக நிற்கிறது. ஏற்ற இறக்கம் கம்மி. அதே வருடம் வந்த மெட்டாலிக்காவின் ‘72 சீசன்ஸ்’ 77 நிமிடம் ஓடுகிறது. நான் மெட்டாலிக்கா பக்தன். அதனாலேயே சொல்கிறேன், இருபது நிமிடத்தை வெட்டியிருக்கலாம். அறுபது நிமிட கேசட் காலத்தில் நாங்களே வெட்டியிருப்போம். எது பக்கம் ‘ஏ’யில் போகும், எது விடுபடும் என்று நண்பர்களோடு சண்டை போட்டே பாதி ரசனை வளர்ந்தது.

இந்தப் பட்டியலில் பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ தனி ரகம். எழுபதுகளின் கடைசியில் ஜான் லெனன் நியூயார்க் வீட்டில் பியானோ முன்னால் உட்கார்ந்து கேசட்டில் பதிந்த பாட்டு. அவர் இறந்தபின் யோகோ ஓனோ 1994இல் அந்த நாடாவை மற்றவர்களிடம் கொடுத்தார். 1995இல் முயன்றார்கள், முடியவில்லை. நாடாவில் மின்சார இரைச்சல், பியானோ சத்தம் குரலை அமுக்குகிறது. 2022இல் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவினர் உருவாக்கிய கணினி முறை குரலை மட்டும் தனியே பிரித்தெடுத்தது. ஜார்ஜ் ஹாரிசன் 1995இல் வாசித்து வைத்த கிதாரும் சேர்ந்தது. பாட்டு சுமார்தான், பீட்டில்ஸின் சிறந்த பாடல்களில் சேராது. ஆனாலும் எனக்கு அது முக்கியம். வீட்டு டேப்பில் பதிந்த ஒரு சாதாரண கேசட் நாற்பது வருடங்களுக்கு மேல் தாங்கியது. அதை ஓட்டக் கருவி இருந்தது, கருவியைச் சரிசெய்ய ஆள் இருந்தது. அதனால்தான் கணினிக்கு வேலையே வந்தது.

நம் பக்கத்து ராக்கும் அன்று இன்றுபோல் கைக்கு எட்டியதில்லை. எண்பதுகளில் சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் நெமிசிஸ் அவென்யூ என்று ஒரு குழு வைத்திருந்தார். இங்கே யாருக்கும் அது தெரிய வழியில்லை. இன்று பெங்களூரின் அகம் குழு தியாகராஜரின் ‘மனவ்யாலகிஞ்சராததே’யை எலெக்ட்ரிக் கிதாரோடு போட, எங்கள் ஊர்ப் பையன்கள் ஃபோனில் கேட்கிறார்கள். தெலுங்குக் கிருதி, பாடுபவர் மலையாளி, கேட்பதில் பாதி தமிழ் வீடு. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் ராக்கோடு சேர்த்ததில் எனக்கு இன்னும் பெரிய மதிப்பு. சொல்ல வேண்டிய விஷயம் இருந்தது, அதற்கேற்ற சத்தத்தைத் தேடினார்கள். அகம் சில இடங்களில் வித்தை காட்டுவதில் நேரம் கழிக்கும். இவர்கள் கழிப்பதில்லை.

எல்லாப் பாட்டும் கைக்குள் இருக்கிறது என்று மகிழும்போதே ஒரு கவலையும் உண்டு. எதுவும் நம்முடையதில்லை. 2022 ஜனவரியில் நீல் யங் ஸ்பாடிஃபையிலிருந்து தன் பாடல்களை எடுத்துக்கொண்டார், 2024 மார்ச்சில்தான் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் மாதச் சந்தா கட்டியவர் பட்டியலிலும் அவர் இல்லை. 2024 ஜனவரி 31 அன்று இந்தியாவில் ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி மூடியது. அதே வருடம் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. வருடக்கணக்கில் சேர்த்த பட்டியல்களோடு எத்தனையோ பேர் வேறு செயலிக்கு இடம் மாறினார்கள். பஜார் ரெக்கார்டிங் சென்டர் மூடியபோது எங்கள் கேசட்டை யாரும் திரும்பக் கேட்கவில்லை. பிடித்த ஆல்பத்தையாவது காசு கொடுத்துக் கோப்பாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேண்ட்கேம்ப் இணையதளத்தில் பல இந்தியக் குழுக்கள் விற்கின்றன.

கருவிக்கும் இதே கதைதான். என் இயர்பட்ஸில் இடது பக்கம் அரைமணி நேரம்கூட நிற்காமல் போனபோது பஜாருக்கு எடுத்துப் போனேன். பழைய மெக்கானிக் கடை இருந்த வரிசையில் இப்போது இளைஞர் ஒருவர் ஃபோன் கடை வைத்திருக்கிறார். டிஸ்ப்ளே, சார்ஜிங் பின், பேட்டரி எல்லாம் நொடியில் மாற்றும் கை. பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்க்ரூ கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளின் விளிம்பும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தது. பிளேடு முனையை விளிம்பில் வைத்துச் சூடு காட்டி நெம்பினார். ஓடு கீறல் விட்டது. உள்ளே சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி, தகட்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. “இதுக்கு ஸ்பேர் வராதுண்ணா. புதுசு வாங்கிடுங்க” என்றார். அவருக்குத் திறமை குறைவில்லை. அந்தப் பொருள் அவரை உள்ளே விடவில்லை.

லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் தளர்வது அதன் இயல்பு. செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும், மற்ற எல்லா உறுப்பும் நன்றாக இருக்கும் ஒரு கருவியைப் பேட்டரியோடு சேர்த்துச் சாக விடுகிறார்கள். இது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. முடியாத காரியமும் அல்ல. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் 2024இல் கொண்டுவந்த ஃபேர்பட்ஸில் இயர்பட்ஸ் பேட்டரியையும் டப்பா பேட்டரியையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். நம் அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் கம்பெனிகளின் கையேடும் சேவை மைய விவரமும் போடலாம், ஆனால் பிரிக்கும்படி செய் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் அதற்குப் பின்னால் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் போக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சட்டமே வருகிறது.

ஸ்ரீசிட்டியிலும் ரேணிகுண்டாவிலும் ஹைதராபாத் பக்கமும் கருவி செய்யும் ஆலைகளில் ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கை அப்படித்தான் செய்தாக வேண்டும். அதே அச்சில் வார்த்த பொருளை இங்கேயும் விற்கட்டும், ஸ்பேர் பேட்டரியைப் பஜார் கடைக்கும் கொடுக்கட்டும் என்று ஆந்திர, தெலங்கானா அரசுகள் நிலமும் சலுகையும் கொடுக்கும்போதே கேட்கலாம். கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்பிள்ளைகள் கையில்தான் அந்தத் தொழில் இருக்கிறது; வேலை விட்டபின் சொந்த ஊரில் ஒரு மேஜை போட்டு உட்கார அது போதும். அதுவரை ராக் கேட்க எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கழற்றி மாட்டும் கம்பியுள்ள இயர்போன். கம்பிதான் முதலில் கெடும், அதைச் சில நூறு ரூபாய் கொடுத்து மாற்றிவிடலாம்.