காண்டாமிருகப் புத்தகமும் பன்னிரண்டு மூட்டைப் பருப்பும்

மொத்த வியாபாரிகளாகிய நமக்குப் புத்தகம் என்றால் பேரேடும் சிட்டையும்தான். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தவர்கள் நாம். அறுபது வயதுக்கு மேல் கணினி மொழி கற்கப் புகுந்தது எப்படி என்று சங்க அன்பர்கள் சிலர் கேட்டார்கள். பட்ட நஷ்டத்தையும் சேர்த்தே எழுதுகிறோம்.

காலை ஆறு மணிக்கே "அண்ணாச்சி, உளுந்து இன்னைக்கு என்ன விலை?" என்று தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். விலைப்பட்டியலை வலைப்பக்கமாகப் போட்டுவிட்டால் தொல்லை இல்லை என்று 2022-இல் ஒருவரிடம் பணம் கொடுத்துச் செய்து வாங்கினோம். ஆனால் விலை மாறும்போதெல்லாம் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பருப்பு விலை அவர் வரும்வரை காத்திருக்குமா? நாமே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

பேரன் வைத்திருந்த புத்தகம் கைக்கு வந்தது. டேவிட் பிளானகன் எழுதிய 'ஜாவாஸ்கிரிப்ட்: தி டெபினிட்டிவ் கைடு'. அட்டையில் காண்டாமிருகம். முதற்பதிப்பு 1996-இல் வந்தது. நம்மிடம் உள்ளது 2020-இல் வந்த ஏழாம் பதிப்பு, சுமார் 700 பக்கம். பக்கத்தில் லிப்கோ அகராதியை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தோம். முப்பது பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிட்டது. "தாத்தா, இதைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கக்கூடாது. ரயில்வே அட்டவணை மாதிரி, வேண்டிய வண்டியை மட்டும் பாருங்க" என்றான் பேரன். அதன்பின் கடைசியில் உள்ள சொல்லடைவில் தேடி, அன்றைக்கு வேண்டியதை மட்டும் படித்தோம். அதில் வந்ததுதான் வினை.

ஆர்டர் எழுதும் பக்கம் ஒன்றை நாமே தயாரித்தோம். காலை வண்டிக்கு எத்தனை மூட்டை, மாலை வண்டிக்கு எத்தனை என்று இரண்டு கட்டங்கள்; கீழே மொத்தம். நெடுநாள் வாடிக்கைக்காரர் ஒருவர் காலைக்கு 1, மாலைக்கு 2 என்று போட்டிருக்கிறார். மொத்தம் 12 என்று வந்துவிட்டது! நமது ஆட்கள் மொத்தத்தை மட்டும் பார்த்து, பன்னிரண்டு மூட்டைத் துவரம்பருப்பை ஒரே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவர் கடையோ எட்டடிக் கடை. மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டு வந்தார்கள். இரவு பெய்த மழையில் இரண்டு மூட்டை நனைந்தது. மறுநாள் அவர், "அண்ணாச்சி, என்னைக்காவது நான் இவ்வளவு சரக்குக் கேட்டிருக்கேனா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்போம். நனைந்த சரக்கையும் மீதியையும் நம் செலவிலேயே திரும்ப எடுத்து வந்தோம்.

காரணம் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. அவசரத்தில் நாம் தாண்டிப்போன பக்கங்கள். கட்டத்தில் தட்டச்சு செய்வது எதுவானாலும் இந்த மொழி அதை எழுத்தாகவே வாங்கிக்கொள்கிறது. கூட்டல் குறி போட்டால் எழுத்துக்களை ஒட்டவைக்கும். 1-உம் 2-உம் ஒட்டிப் பன்னிரண்டாகும். பெருக்கல், கழித்தலுக்கு மட்டும் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும்! ஆகவே கூட்டுமுன் 'நம்பர்' என்று சொல்லி எண்ணாக மாற்ற வேண்டும். விலைகளை வரிசைப்படுத்தச் சொன்னாலும் இதே கூத்துதான். நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் 900-க்கு முன்னால் 1050 வந்து நிற்கும். பிரெண்டன் ஐக் என்பவர் 1995-இல் பத்தே நாட்களில் முதல் வடிவத்தை உருவாக்கிய மொழி என்று அறிந்தபோது, ஓரளவு மன்னிக்கத் தோன்றியது.

காசுக் கணக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 என்று காட்டும். கணினி தசமத்தை இரண்டின் அடிப்படையில் வைத்திருப்பதால் வரும் வித்தியாசம் இது. பணத்தைச் சில்லறைக் காசாக, முழு எண்ணில் வைத்துக் கணக்கிடும்படி அதே அத்தியாயம் கூறுகிறது. நாமும் ரூபாயைப் பைசாவாக மாற்றிக் கூட்டி, கடைசியில் 100-ஆல் வகுத்துக் காட்டுகிறோம். ஓரணா பிசகினால் பேரேட்டை மூடாமல் விடிய விடியத் தேடிய பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றியிருக்காது.

இப்போது பதினாறாம் அத்தியாயத்தில் நிற்கிறோம். வாடிக்கைக்காரரின் போனில் போடப்படும் கணக்கை அவர் நினைத்தால் திருத்திவிட முடியும் என்பதால், தொகையை நம் பக்கத்துக் கணினியிலும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான பாடம் அது. அதுவரை ஒவ்வொரு ஆர்டரையும் சிட்டையில் கையால் எழுதிக் கூட்டிய பிறகே வண்டி ஏற்றுகிறோம். அந்த வாடிக்கைக்காரர் மட்டும் இன்னும் தொலைபேசியில்தான் ஆர்டர் சொல்கிறார்.