கோழித் தீவனமும் கடைசி மருந்தும்

"கோழிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சைவ வீட்டார் கேட்பதுண்டு. முட்டைகூடத் தொடாத நயினார் வீட்டுக்காரன் நான். எனக்கும் சம்பந்தம் உண்டு என்றே சொல்வேன்.

கொலிஸ்டின் என்றொரு மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று 1970களில் மருத்துவர்கள் அதை ஒதுக்கி வைத்தார்கள். பிற மருந்துகளுக்குக் கிருமிகள் மசியாமல் போகவே, கடைசிக் கையிருப்பாக அதையே மறுபடி எடுத்தார்கள். கோழிப் பண்ணைகளிலோ அது தீவனத்தில் கலந்தே வந்தது; நோய்க்கு மட்டுமல்ல, குஞ்சு சீக்கிரம் எடை போடுவதற்கும்! தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? நோஞ்சான் கிருமி சாகும், தாக்குப் பிடித்தது பெருகும்.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி இன்னும் விபரீதம். பன்றி, கோழி இறைச்சியில் அவர்கள் கண்ட எம்.சி.ஆர்-1 என்னும் மரபணு, ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கும் தாவுகிறது, கைமாற்றுக் கொடுப்பதுபோலத்தான். அது நம்மிடம் வரக் கறி வெட்டிய பலகை, பண்ணையாள் கை, கழிவுநீர், வயலுக்கு அடிக்கும் கோழி எரு என்று பல வழி. அந்த வயல் கொத்தமல்லியைத்தானே நாம் பச்சையாகத் தூவிக்கொள்கிறோம்?

2019 ஜூலையில் மத்திய அரசு, உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்காகக் கொலிஸ்டின் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் தீவனத்தில் போடும் மருந்து இது ஒன்றல்லவே!

கறி சமையல் எனக்குத் தெரியாது. ஆனாலும், நன்றாக வேகவைத்தால் இந்தக் கிருமிகள் சாகும். கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்காதீர்கள். பச்சைக் காய்களை நன்றாகக் கழுவுங்கள்.