பெட்ரோலை வேலைக்காரனாக்கிய சீன செடான் தெரியுமா?

4.83 மீட்டர் நீளம். 1.9 மீட்டர் அகலம். ஐந்து பேர் காலை நீட்டி உட்காரலாம். இவ்வளவு பெரிய கார் 100 கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் பெட்ரோல் குடிக்கும்? எட்டு? ஆறு? போகட்டும், ஐந்து?

2.9 லிட்டர்!

லிட்டருக்கு 34 கிலோமீட்டருக்கும் மேல். பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கும்போது எடுத்த கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சார்ஜ் தீர்ந்து, பெட்ரோலை மட்டுமே நம்பி ஓடும்போது 2.9 என்கிறது கம்பெனி. டேங்க்கையும் பேட்டரியையும் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 2,100 கிலோமீட்டர் ஓடுமாம். பெய்ஜிங்கில் புறப்பட்டவர் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கிலும் நிற்காமல் ஏறக்குறைய குவாங்சோ வரை போய்ச் சேர்ந்துவிடலாம். சீனாவின் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே ஒரே டேங்க்!

காரின் பெயர் சின் எல் டிஎம்-ஐ. தயாரிப்பு, பிஒய்டி. 2024 மே 28 அன்று சியான் நகரத்தில் மேடையேறியது. கூடவே ஒரு இரட்டைப் பிறவியும் வந்தது, சீல் 06 டிஎம்-ஐ. உள்ளே அதே இயந்திரம், வெளியே வேறு சட்டை. இரண்டுக்கும் அன்று தொடக்க விலை 99,800 யுவான். உச்ச விலை 1,39,800. அன்றைய நாணய மதிப்பில் தொடக்க விலை சுமார் 11.5 லட்சம் ரூபாய்.

அதே ஆண்டு சீனாவில் இறங்கிய புதிய டொயோட்டா கேம்ரியின் தொடக்க விலை 1,71,800 யுவான். கேம்ரி நீளத்தில் கொஞ்சம் முந்துகிறது, உண்மைதான். அகலத்தில் சின் எல்தான் 60 மில்லிமீட்டர் முந்துகிறது!

அறிமுக விழாவுக்கு ஏன் சியான்? ஷாங்காய், பெய்ஜிங் எல்லாம் இருக்கிறதே? சீனாவை முதன்முதலாக ஒரே குடைக்கீழ் கொண்டுவந்த சின் பேரரசரின் கல்லறைக் காவலுக்கு ஆயிரக்கணக்கான சுடுமண் வீரர்கள் மண்ணுக்கடியில் அணிவகுத்து நிற்கும் ஊர் அது. 1974இல் கிணறு வெட்டப்போன விவசாயிகள்தான் அவர்களை முதலில் பார்த்தார்கள். பிஒய்டி தன் கார்களுக்கு அரச வம்சங்களின் பெயரையே வைக்கிறது: சின், ஹான், தாங், சோங், யுவான். ஆனால் சியானைத் தேர்ந்தெடுக்க இன்னொரு சரித்திரமும் இருக்கிறது. அது பேரரசர் சரித்திரமல்ல, பேட்டரிக்காரர் சரித்திரம்.

1995இல் ஷென்ஜெனில் வாங் சுவான்ஃபு என்ற வேதியியல் பட்டதாரி ஒரு பேட்டரிக் கம்பெனி தொடங்கினார். ஜப்பான்காரர்கள் விலையுயர்ந்த தானியங்கி இயந்திரங்களை வைத்துச் செய்த வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஆட்களின் கையாலேயே செய்ய வைத்தார். விலை சரிந்தது. மோட்டோரோலாவும் நோக்கியாவும் வாடிக்கையாளர்கள் ஆயின. 2003இல் சியானில் தள்ளாடிக்கொண்டிருந்த சின்சுவான் என்ற கார் தொழிற்சாலையை வாங்கினார். 'செல்போன் பேட்டரி செய்கிறவனுக்குக் கார் எதற்கு?' என்று முதலீட்டாளர்கள் முகம் சுளித்தார்கள். பங்கு விலை சறுக்கியது. அந்தத் தொழிற்சாலை இருந்த ஊரிலேயே, அதே 'சின்'னைப் பெயரில் சுமக்கும் காரை 21 ஆண்டுகள் கழித்து மேடையேற்றினால் அதன் அர்த்தம் யாருக்கும் புரியும்!

2005இல் வந்த அவர்களுடைய எஃப்3 காரைப் பார்த்தவர்கள், 'இது டொயோட்டா கொரோலாவேதானே!' என்று சிரித்தார்கள். சாயல் அப்படி. அந்த டொயோட்டாவே இப்போது சீனச் சந்தைக்கென்று விற்கும் பிஇசட்3 என்ற மின்சார செடானில் பேட்டரி யாருடையது தெரியுமா? பிஒய்டியுடையது! யாரைப் பார்த்துக் கார் செய்யக் கற்றார்களோ, அவர்களுக்கே பேட்டரி சப்ளை!

சரி, அந்த 2.9 லிட்டருக்கு வருவோம். காரின் முழு அதிசயமும் அங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் ஊற்றும் எரிபொருளில் பெரும்பங்கு வண்டியை நகர்த்துவதே இல்லை! ரேடியேட்டரிலும் சைலன்ஸரிலும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. சாதாரணக் கார்கள் பெட்ரோலின் ஆற்றலில் 40 சதவீதத்தைக்கூட உருப்படியான வேலையாக மாற்றுவதில்லை. சின் எல் காரின் 1.5 லிட்டர் எஞ்சின் அதிகபட்சம் 46.06 சதவீதத்தை மாற்றுகிறது என்கிறது பிஒய்டி. முந்தைய தலைமுறையில் 43.04. மூன்று சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் உலகில் அரை சதவீதத்துக்காகவே பொறியாளர்கள் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

எப்படி முடிந்தது? முதல் காரணம் 1882இல் இருக்கிறது! ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் அந்த ஆண்டில் கண்டுபிடித்த எஞ்சின் சுழற்சியில், காற்று-பெட்ரோல் கலவை அமுக்கப்படும் தூரத்தைவிட எரிந்து விரியும் தூரம் அதிகம். வெடிப்பின் பலனைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுக்கலாம். குறை என்ன? இழுவை குறைந்துவிடும். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி முக்கும். அதனால்தான் நூறு ஆண்டுகளுக்கும் மேல் கார்க்காரர்கள் அதைச் சீண்டவில்லை. 1997இல் டொயோட்டா ப்ரியஸ் அதன் குணத்தை வால்வு நேர மாற்றத்தால் வரவழைத்து, பக்கத்தில் ஒரு மின்மோட்டாரைத் துணைக்கு வைத்தது. இழுவைக்கு மோட்டார், சிக்கனத்துக்கு எஞ்சின். பிஒய்டியும் அதே வழியில் போய், அமுக்க விகிதத்தை 16-க்கு 1 என்ற உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ருசியானது. இந்தக் காரில் எஞ்சின் எஜமானே இல்லை! கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் ஓரமாக நின்று உறுமுமே ஜெனரேட்டர், பெரும்பாலான நேரம் அந்த வேலைதான் அதற்கு. ஊருக்குள் ஓடும்போது சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார். எஞ்சின் மின்சாரம் உற்பத்தி செய்து அனுப்பிவைக்கும், அல்லது சும்மா இருக்கும். நெடுஞ்சாலையில் சீரான வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் பிடித்துக்கொள்ள, எஞ்சினே சக்கரத்தோடு நேரடியாக இணைகிறது. வழக்கமான ஐந்து கியர், ஆறு கியர் பெட்டி உள்ளே கிடையாது. எஞ்சினின் சக்தி 74 கிலோவாட், ஏறக்குறைய 100 குதிரைத்திறன். உயர் வகையிலுள்ள மோட்டார் 160 கிலோவாட்! வேலைக்காரனைவிட எஜமான் இரண்டு மடங்குக்கும் மேல் பலசாலி. எஞ்சினுக்குப் பிடித்த சுழற்சி வேகத்திலேயே பெரும்பாலும் அதை ஓட விடுவதால்தான் 46 சதவீதம் சாத்தியமாகிறது. நெரிசலில் நின்று நின்று போகும்போது சாதாரண எஞ்சின் வீணடிக்கும் பெட்ரோலுக்கு இங்கே இடமே இல்லை.

சார்ஜ் செய்து ஓட்டும் பெட்ரோல் கலப்புக் காரை உலகில் முதன்முதலில் பெருமளவில் தயாரித்து விற்றதும் இவர்களே. 2008 டிசம்பரில் வந்த எஃப்3டிஎம் அது. அமெரிக்காவின் செவர்லே வோல்ட் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக!

கம்பெனி சொல்லும் எண்ணில் கொஞ்சம் உப்பும் கலந்திருக்கிறது. 2.9 என்பது என்இடிசி என்ற பழைய சோதனை முறையில் எடுத்த கணக்கு. அந்தச் சோதனை எப்படி நடக்கும் தெரியுமா? ஆய்வுக்கூடத்து உருளைகள் மேல் காரை நிறுத்தி, 1,180 விநாடிகளில் 11 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. ஏசி போட மாட்டார்கள்! ஐரோப்பா இந்த முறையை 2017இலிருந்து கைவிடத் தொடங்கிவிட்டது. சார்ஜ் செய்து ஓட்டும் கலப்புக் கார்கள் நிஜச் சாலையில் வெளியிடும் கரியமில வாயு, சோதனைக்கூடக் கணக்கைப்போல 3.5 மடங்கு இருக்கிறது என்று ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் அறிக்கையே வெளியிட்டது. பலர் வாங்கிய பிறகு ஒழுங்காகச் சார்ஜ் போடுவதில்லை என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

ஆனால் இங்கே ஒரு நியாயமும் இருக்கிறது. ஐரோப்பிய அறிக்கை குறை சொல்வது, பேட்டரியில் ஓடிய தூரத்தையும் கலந்து பெட்ரோல் செலவைச் சிறியதாகக் காட்டும் கணக்கை. சின் எல் சொல்லும் 2.9, சார்ஜ் தீர்ந்த நிலைக்கானது. நிஜச் சாலையில், ஏசி போட்டு, மேடு ஏறி, 4 லிட்டரே குடித்தாலும் அது லிட்டருக்கு 25 கிலோமீட்டர். இந்த நீள-அகலத்துக்கு அது அபாரம் என்றுதான் சொல்வேன். சார்ஜ் தீர்ந்து மலைப்பாதை ஏறும்போது மட்டும் அந்தச் சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும். 100 குதிரையை வைத்துக்கொண்டு அது வேறென்ன செய்யும்?

இந்தக் காருக்குள் ஒரு தமிழ்ச் சங்கதி இருக்கிறது தெரியுமா? இருக்கையில் அல்ல, அதற்கடியில் உள்ள பேட்டரியில்!

சின் எல் காரில் இருப்பது பிளேடு பேட்டரி. கத்தி அலகுபோல நீண்ட, தட்டையான செல்கள். அறிமுகமானபோது தொடக்க வகையில் 10.08 கிலோவாட் மணி, உயர் வகையில் 15.87. பெட்ரோலே தொடாமல் முறையே 80, 120 கிலோமீட்டர் போகலாம்; இதுவும் அதே என்இடிசி கணக்குத்தான். வேதியியல், லித்தியம் இரும்பு பாஸ்பேட். விலையுயர்ந்த கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை, எளிதில் தீப்பிடிக்காது. இந்தப் பொருளை 1990களின் நடுவில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் தலைமையில் கண்டுபிடித்த குழுவில் அக்ஷய பாதி என்ற இந்திய ஆய்வாளர் இருந்தார். அதற்கும் முன்பே, 1980களில், இந்தவகைப் பொருள்களுக்கான வாசலைக் குட்இனஃபுடன் சேர்ந்து திறந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென்தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர்! 2019இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியதும் மந்திரம்தான். சீனத்துச் சாலைகளில் ஓடும் லட்சக்கணக்கான கார்களுக்கு அடியில் மதுரைப் படிப்பும் கொஞ்சம் ஓடுகிறது!

அழகைப் பற்றிச் சொல்லவே இல்லையே. பிஒய்டியின் வடிவமைப்புத் தலைவர் வொல்ஃப்காங் எகர், ஜெர்மானியர். ஆல்ஃபா ரோமியோவில் 8சி காம்பெடிஸியோனே என்ற அழகிக்குப் பொறுப்பாக இருந்தவர், பிறகு ஆடியில் தலைமை வகித்தவர். இத்தாலியக் கார்களில் பழகிய கை டிராகன் முகத்தை வரைந்தால் எப்படியிருக்கும்? சின் எல் காரின் முன்புறம் அப்படித்தான் இருக்கிறது. பின்விளக்குகளில் சீனர்கள் பண்டிகைக்குக் கட்டும் முடிச்சுக் கயிற்றின் வடிவம். கூரை பின்னோக்கி வழுக்கி இறங்கும் விதத்தைப் பார்த்தால் 11 லட்சச் சொச்ச ரூபாய்க் கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குந்தகம் அகலத்தில். 1.9 மீட்டர், பழைய பார்க்கிங் இடங்களில் கதவைத் திறக்க விடாது.

இவ்வளவு மலிவாக எப்படிக் கட்டுப்படியாகிறது? பேட்டரி, மோட்டார், சில சிப்கள்கூடச் சொந்தத் தயாரிப்பு. அது ஒரு பாதி பதில். மறுபாதி அவ்வளவு இனிப்பானதல்ல. சீனாவில் கார்க் கம்பெனிகளுக்குள் நடப்பது விலைப் போர். 2025 மே மாதம் பிஒய்டி 22 மாடல்களின் விலையை ஒரே அடியாகக் குறைத்தது. உதிரிபாகம் செய்து கொடுப்பவர்கள் பணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அரசு முறைத்த பிறகு, 2025 ஜூனில்தான், 60 நாளுக்குள் பணம் தருகிறோம் என்று பிஒய்டி உள்ளிட்ட பெரிய கம்பெனிகள் வாக்குக் கொடுத்தன. காரின் விலைச்சீட்டில் இது அச்சாகியிருக்காது.

2024 ஜூலையில் சீனாவில் விற்ற பயணிகள் கார்களில் பாதிக்கு மேல் சார்ஜ் செய்யும் வகைகள். அந்த முழு ஆண்டில் பிஒய்டி விற்றது ஏறத்தாழ 42.7 லட்சம் வண்டி. அதில் சுத்த மின்சாரக் கார்களைவிடக் கலப்புக் கார்களே அதிகம்! ஆனால் பெய்ஜிங்கில் சின் எல் டிஎம்-ஐ வாங்கினால் மின்சாரக் காருக்கான நம்பர் பிளேட் ஒதுக்கீடு கிடைக்காது. ஷாங்காயும் 2023 முதல் கலப்புக் கார்களுக்கு இலவச பிளேட் தருவதை நிறுத்திவிட்டது. எஞ்சின் வேலைக்காரனாக இருந்தாலும் எஞ்சின்தானே என்கிறார்கள்.

நம் பக்கம் வருமா? பிஒய்டி இந்தியாவுக்குள் கால்வைத்ததே 2007இல், ஸ்ரீபெரும்புதூர் பக்கம், செல்பேசி உதிரிபாகத் தொழிலோடு. ஆனால் இங்கே அது இறக்கிய செடான் சீல் மட்டும். முழு மின்சாரம், 2024 மார்ச்சில் தொடக்க விலை 41 லட்சம் ரூபாய். டிஎம்-ஐ என்ற இந்தக் கலப்பு நுட்பத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கொழும்புக்குப் போகலாம், அங்கே சீலயன் 6 என்ற எஸ்யூவியில் அது ஓடுகிறது. சின் எல் இந்தியாவுக்கு வரவில்லை. என்றாவது வந்தால் ஷோரூமில் விலையைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: மைலேஜ் எந்தச் சோதனையில் எடுத்தது, சார்ஜ் இருக்கும்போதா, தீர்ந்த பிறகா?