கண்ணாடி போட்ட காரியதரிசி

வாஷிங்டன் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஒருத்தி விம்மி விம்மி அழுதுகொண்டிருக்கிறாள். அந்த வழியே வந்த ஒரு யுவதி நின்று காரணம் கேட்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். நர்ஸ் போட்டிருக்கும் மூக்குக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டால், ஒருத்தியை அச்சில் வார்த்தாற்போல் இருக்கிறாள் மற்றவள்! நர்ஸின் காதலனுக்குத் தென் அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது. அவனிடம் போய்ச் சேர இவளிடம் காசு இல்லை. வந்தவளிடம் காசு இருக்கிறது. ஆனால் சொல்லிக்கொள்ள ஒரு பெயரோ, உத்தியோகமோ இல்லை. பேரம் படிந்துவிடுகிறது. நர்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு காதலனைத் தேடிப் புறப்படுகிறாள். மற்றவள் அவளுடைய பெயரையும் கண்ணாடியையும் உத்தியோகத்தையும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறாள். 'டயானா பிரின்ஸ்' என்பது அந்தப் பெயர்.

இது ஏதோ சினிமாக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 'ஸென்ஸேஷன் காமிக்ஸ்' என்ற அமெரிக்கச் சித்திரக் கதைப் பத்திரிகையின் முதல் இதழில், 1942 ஜனவரி என்று தேதியிட்டு வந்தது. விலை பத்து ஸென்ட். பல கதைகளைச் சேர்த்துத் தைத்த பத்திரிகை அது. உள்ளே ஒரு கடற்கொள்ளைக்காரன் உண்டு, ஓர் ஆவி உண்டு, குத்துச் சண்டைக்காரன் ஒருவன் உண்டு. ஆனால் அட்டையிலும் முதல் கதையிலும் இடம் பிடித்தவள் ஒரு பெண். அவள்தான் 'வொண்டர் வுமன்' என்ற அதிசய மங்கை.

ஆண்களே வாழாத ஒரு தீவின் இளவரசி அவள். அங்கே விமானம் விழுந்து அடிபட்ட ஸ்டீவ் டிரெவர் என்ற ராணுவ உளவு அதிகாரியைக் கண்ணுக்குத் தெரியாத விமானத்தில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா வந்திருக்கிறாள். அவன் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் நர்ஸ் வேஷம். அவனோ கண் விழித்ததும் வீராங்கனையின் புகழையே பாடுகிறான். எதிரே நிற்கும் கண்ணாடிக்காரியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. தனக்குத் தானே போட்டியாக வந்துவிட்டோமே என்று அவள் வியப்பதோடு கதை முடிகிறது.

மூன்றாவது இதழில் நர்ஸ் டயானா ராணுவ உளவு இலாகாவில் காரியதரிசி ஆகிவிடுகிறாள். இதைவிடப் பொருத்தமான மறைவிடம் ஒரு வேவுக்காரிக்கு வாய்க்குமா? ரகசியக் கடிதமெல்லாம் அவள் டைப்ரைட்டர் வழியாகத்தான் போகவேண்டும். அதிகாரிகள் பேசும்போது அவள் ஒருத்தி அறையில் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். எந்த ஆபீசிலாவது நீங்கள் குறிப்பெடுத்திருந்தால், இது கற்பனையே அல்ல என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவளுக்கு எதிரி யார் தெரியுமா? அவளும் ஒரு பெண்தான். நாஜி ஒற்றர் கூட்டத்தின் தலைவி, பௌலா வான் குந்தர் என்ற சீமாட்டி. 1942 ஜூலை இதழில் இந்த அம்மாள் செய்த சூழ்ச்சியைக் கேளுங்கள். அணுகுண்டோ விஷவாயுவோ இல்லை. பால் விலையை ஏற்றிவிட்டாள்! ஒரு பால் கம்பெனியைக் கையில் போட்டுக்கொண்டு, ஏழைத் தாய்மார் வாங்க முடியாதபடி விலையை உயர்த்துகிறாள். இன்றைய குழந்தைகள் பாலில்லாமல் நோஞ்சானாக வளர்ந்தால், நாளைக்கு அந்தத் தேசத்தை ஜெயிப்பது சுலபம் அல்லவா? வொண்டர் வுமன் இதற்காக ஊரைத் திரட்டி ஊர்வலம் நடத்துகிறாள். பீரங்கியும் கப்பலும் வரும் யுத்தக் கதைகளை நான் நிறையப் படித்ததுண்டு. பால் கணக்கு எழுதுகிற பெண்ணுக்கும் புரிகிற மாதிரி யுத்தத்தைச் சொன்ன கதை இது ஒன்றுதான்.

அடுத்த மாத இதழில் ஒற்றர் வேலை இல்லை. பெரிய ஜவுளி மாளிகை மாதிரியான ஒரு கடையில் வேலைநிறுத்தம். விற்பனைப் பெண்களுக்கு வாரச் சம்பளம் பதினொரு டாலர். முதலாளியும் ஒரு பெண்ணே. வொண்டர் வுமன் அவளையே மயக்கி, வேறு பெயரில், அதே கடையில் வேலைக்கு நிற்க வைத்துவிடுகிறாள். நின்று நின்று கால் கடுத்த பிறகுதான் அம்மாளுக்குச் சம்பளத்தை உயர்த்தவேண்டும் என்று தோன்றுகிறது.

பௌலாவின் கதை அதோடு முடியவில்லை. 1943-ல் வந்த ஒரு கதையில்தான் அவளுடைய ரகசியம் வெளியாகிறது. அவளுடைய சின்னப் பெண் கெர்ட்டா நாஜிகள் கையில் சிறைப்பட்டிருக்கிறாள். மகள் உயிரோடு இருக்கவேண்டுமானால் தாய் வேவு பார்த்தாக வேண்டும். வொண்டர் வுமன் குழந்தையை மீட்டுக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுக்கிறாள். அன்றிலிருந்து பரம விரோதி தோழியாகிவிடுகிறாள். அந்தக் காலத்துச் சித்திரக் கதைகளில் கெட்டவர்களைக் குத்தி வீழ்த்துவதுதான் வழக்கம். கெட்டவள் ஏன் கெட்டாள் என்று விசாரித்தவர்கள் சொற்பம்.

இந்தக் கதைகளில் 'சார்ல்ஸ் மௌல்டன்' என்று கையெழுத்து இருக்கும். அது புனைபெயர். உண்மையில் எழுதியவர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் என்ற மனோதத்துவ நிபுணர். பொய் சொல்பவரின் ரத்த அழுத்தம் ஏறும் என்று கண்டு, பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றை வகுத்தவர். வொண்டர் வுமன் கையிலுள்ள தங்கக் கயிற்றில் கட்டுண்டவர்கள் அவள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தே தீரவேண்டும், கேட்டால் உண்மையைக் கக்க வேண்டும் என்பதைப் பார்த்தால், புரொபஸர் தம் ஆராய்ச்சியை விடவில்லை என்று தெரிகிறது.

ஆனால் அந்த ஆராய்ச்சிக்கு அடி எடுத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி எலிஸபெத் என்று அவர்கள் மகன் பிற்காலத்தில் சொன்னார். தமக்குக் கோபம் வரும்போது ரத்தம் கொதிப்பேறுகிறது என்று அவர் சொன்னாராம். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்காத காலத்தில், பாஸ்டன் சர்வகலாசாலையில் சட்டம் படித்துத் தேறியவர் எலிஸபெத். கணவருக்கு உத்தியோகம் நிலைக்காத வருஷங்களில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவரும் அவரே. கதாநாயகனுக்குப் பதிலாகக் கதாநாயகி இருக்கட்டும் என்று யோசனை சொன்னதும் அவர்தான் என்பார்கள்.

அந்த வீட்டில் இன்னொரு பெண்மணியும் இருந்தார். பெயர் ஆலிவ் பைர்ன். மார்ஸ்டனுக்கு எலிஸபெத்திடம் இரண்டு குழந்தைகள், ஆலிவிடம் இரண்டு. நாலு பேரையும் வீட்டிலிருந்து வளர்த்தவர் ஆலிவ். வெளியுலகத்துக்கு இந்த ஏற்பாடு தெரியாது. 'ஃபேமிலி சர்க்கிள்' என்ற குடும்பப் பத்திரிகையில் 'ஆலிவ் ரிச்சர்ட்' என்ற பெயரில் அவர் கட்டுரை எழுதுவார். 1940 அக்டோபரில், சித்திரக் கதைகள் குழந்தைகளைக் கெடுக்குமா என்று கேட்டு மார்ஸ்டனைப் பேட்டி கண்டு எழுதினார். யாரோ அன்னியரைத் தேடிப் போய்ச் சந்தித்த மாதிரி! அந்தப் பேட்டியைப் படித்துவிட்டுத்தான் பத்திரிகை முதலாளி கெய்ன்ஸ், மார்ஸ்டனை ஆலோசகராக அமர்த்தினார். வொண்டர் வுமன் துப்பாக்கிக் குண்டுகளைத் தட்டிவிடும் அகலமான வளையல்கள் ஆலிவின் கையில் கிடந்த வளையல்களைப் பார்த்து வரைந்தவை.

எல்லாம் சரிதான், ஒரு குறை சொல்லாமலிருக்க முடியவில்லை. அதிசய மங்கையைச் சங்கிலியிலும் கயிற்றிலும் கட்டிப் போடுகிற காட்சி அளவுக்கு மீறி வருகிறது. குழந்தைகளுக்கான புத்தகங்களைப் பரிசீலித்து வந்த ஜோஸெட் ஃபிராங்க் என்ற அம்மாள் 1943-லேயே இதை ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். மார்ஸ்டன் நீளமாக ஏதேதோ தத்துவம் சொன்னார். அந்த அம்மாள் பக்கமே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இன்னொரு வேடிக்கை. 1942-ல் வீரர்கள் சங்கம் ஒன்றில் வொண்டர் வுமனைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கதைகளை எழுதியவர் மார்ஸ்டன் அல்ல, வேறொருவர். மலையைப் புரட்டக்கூடியவளுக்கு அங்கே என்ன பதவி கொடுத்தார்கள்? காரியதரிசி! ஆண் வீரர்கள் எதிரிகளைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். இவள் ஆபீசில் இருந்து குறிப்பு எழுதவேண்டும்.

1944-ல் வேலை அதிகமாகிவிடவே, தம்மிடம் மனோதத்துவம் படித்த ஜாய் ஹம்மல் என்ற பெண்ணை மார்ஸ்டன் உதவிக்கு அழைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. அதே வருஷம் மார்ஸ்டனைப் போலியோ நோய் படுக்கையில் தள்ளிவிட்டது. முதலில் டைப் அடித்துக் கொடுத்த பெண், பிறகு முழுக் கதைகளையே எழுதிக் கொடுத்தார். அத்தனையிலும் 'சார்ல்ஸ் மௌல்டன்' என்றுதான் அச்சாயிற்று.

1947-ல் மார்ஸ்டன் காலமானார். ஜாய் கல்யாணம் செய்துகொண்டு, கணவருடைய முதல் தாரத்துப் பெண்ணை வளர்ப்பதற்காக வேலையை விட்டார். பத்திரிகையை நடத்தும் பொறுப்பைத் தமக்குத் தரும்படி எலிஸபெத் கேட்டு எழுதினார், கொடுக்கவில்லை. வேறு கைக்குப் போனதும் கதையின் போக்கே மாறிவிட்டது. 1949 கடைசியில் வந்த 94-வது இதழின் அட்டையைப் பாருங்கள். ஸ்டீவ் டிரெவர் அவளைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஓடையைக் கடக்கிறான். சிவப்புப் பூட்ஸ் போய் மென்மையான மஞ்சள் செருப்பு வந்திருக்கிறது. சில வருஷங்களில் 'ஸென்ஸேஷன் காமிக்ஸ்' நின்றே போயிற்று. எலிஸபெத்தும் ஆலிவும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து குழந்தைகளை ஆளாக்கினார்கள். எலிஸபெத் நூறு வயது இருந்து 1993-ல் மறைந்தார்.

ஜாய் ஹம்மல் எழுதிய கதைகள் இன்னவை என்பது 2014-ல் ஜில் லெப்போர் என்ற சரித்திரப் பேராசிரியை எழுதிய புத்தகத்தின் மூலம்தான் பலருக்கும் தெரிந்தது. 2018-ல், பெயர் இல்லாமல் உழைத்த சித்திரக் கதை எழுத்தாளர்களுக்கென்று ஏற்பட்ட பில் ஃபிங்கர் பரிசை ஸான் டியேகோ நகரத்தில் அவருக்கு அளித்தார்கள். அப்போது அந்த அம்மாளுக்கு வயது 94. அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார்.