விளையாட்டுப் போரும் வேடிக்கைத் தொப்பியும்

சென்ற மாதம் இங்கிலாந்திலிருந்து எமக்கு ஒரு புகைப்படம் வந்தது. அனுப்பியவர் எம் பள்ளித் தோழர். இளமையில் விமான இரைச்சல் கேட்டபோதெல்லாம் எம்முடன் ஒரே பதுங்குகுழியில் ஒடுங்கியிருந்தவர். இன்று அங்கே கணக்காளராகத் தொழில் புரிகின்றார். படத்திலோ அவர், குஞ்சம் தொங்கும் சிவந்த துருக்கித் தொப்பியைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, கையில் அளவுகோலுடன் ஒரு பெரிய மேசைமீது குனிந்து நிற்கின்றார். அருகே ஒரு வெண்தாடிக் கிழவர் தலையில் நெட்டித் தொப்பி. எதிரே நிற்பவர் தலையில் நெப்போலியனது தொப்பி. "நாற்பது வயது கடந்தும் இவருக்குக் குழந்தைப் புத்தி போகவில்லையே!" என்றார் எம் இல்லாள். நாமும் முதலிற் சற்றே முகஞ் சுளித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இஃது என்ன கோலம் என்று வாசகர் வினவக்கூடும். மேசைமீது பச்சைத் துணி விரித்து, குன்றும் ஆறும் ஊரும் அமைத்து, ஓர் அங்குலத்தினும் சற்றே உயர்ந்த ஈயப் பொம்மை வீரரை அணிவகுத்துப் பொருதும் விளையாட்டு இது. நகர்வை அளவுகோல் அளக்கும். வெற்றி தோல்வியைப் பகடை கூறும். புருசிய நாட்டில் ரைஸ்விற்ஸ் என்னும் படை அதிகாரி 1824ஆம் ஆண்டில் இவ்வகை ஆட்டமொன்றைப் படைத்தலைவர்களின் பயிற்சிக்கென ஒழுங்குபடுத்தினார். அதனைக் குடும்பத்தார் ஆடும் பொழுதுபோக்காக்கியவர்களுள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவர் 1913இல் 'சிறு போர்கள்' என்ற பெயரில் விதிநூல் ஒன்றே எழுதி வெளியிட்டார். இன்று இவ்வாட்டக்காரர் பெருந்திரளாய்க் கூடும் விழாக்கள் உள. இலண்டனில் 1972இல் தொடங்கிய 'சலூட்' விழாவும், அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய 'ஹிஸ்ரோரிக்கன்' விழாவும் அவற்றுட் சில.

இவ்விழாக்களிலேதான் தொப்பிகளைக் காணலாம். மண்டபம் நிறைய மேசைகள்; மேசைதோறும் ஒரு போர். சூடான் பாலைவனப் போரை நடத்துபவர் துருக்கித் தொப்பியோ நெட்டித் தொப்பியோ அணிவார். கடற்கொள்ளையர் கதை நடத்துபவர் முக்கோணத் தொப்பி அணிவார். நெரிசலில் ஆட்டத்தை நடத்துபவர் யார் என்று தூரத்திலேயே தெரிந்துகொள்ளலாம் என்பது ஒரு பயன். கூச்சமுள்ள புதியவரும் தலையில் ஒன்றை வைத்தவுடன் தளபதிபோல் முழங்கத் தொடங்குவர் என்பது மற்றொன்று.

ஆனால், இத்தொப்பிகளின் பழைய வரலாற்றைப் புரட்டினால் நகைப்பு அடங்கிவிடுகின்றது. துருக்கித் தொப்பியையே எடுத்துக்கொள்வோம். அதனைத் தம் அலுவலர்க்கெல்லாம் 1829இற் கட்டாயமாக்கியவர் சுல்தான் இரண்டாம் மகுமூது. அக்காலத்தில் அது புதுமையின் சின்னம். ஒரு நூற்றாண்டு கழியுமுன், 1925இல், கமால் அதாதுர்க்கின் அரசு அதே தொப்பியைப் பழமையின் சின்னமென்று சட்டத்தால் விலக்கியது. எதிர்த்துக் கிளர்ந்தோருட் சிலர் தூக்குமேடை ஏறினர். எம் தோழர் வேடிக்கைக்காக அணிந்த பொருளின்பொருட்டு மனிதர் உயிர் துறந்திருக்கின்றனர்!

நெட்டித் தொப்பி எமக்கும் அயலன்று. சதுப்பு நிலத்திலே வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டிலிருந்து செய்யப்பட்ட அதனை, இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கில அதிகாரிகள் வெயிலுக்கு அஞ்சி அணிந்தனர். அது வேலிக்கு மேலாகத் தெரிந்தாலே எழுந்து நின்றுவிடுவோம் என்று எம் பாட்டனார் சொல்வதுண்டு.

உச்சியில் ஈட்டிமுனை பொருந்திய செருமானியத் தலைக்கவசத்தின் கதை இன்னுங் கொடிது. 1842இற் புருசியப் படையிற் புகுந்த அத்தோற்கவசம் கண்டோரை அச்சுறுத்தியது. முதலாம் உலகப் போரின் பதுங்ககழிகளிலோ அஃது எறிகுண்டுச் சிதறல்களைத் தடுக்கவில்லை. அதன் கூர்முனை மறைந்திருப்பவனையுங் காட்டிக்கொடுத்தது. 1916இல் உருக்குக் கவசம் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளை இழந்துவிட்டனர்.

இவ்வரிசையில் நாம் மனமொப்பிச் சிரிக்கக்கூடியது வைக்கிங்கு வீரரின் கொம்புத் தொப்பி ஒன்றே. வைக்கிங்கர் போரிற் கொம்பு அணிந்ததற்குச் சான்றில்லை. 1876இல் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வகுத்த ஓவியரே அக்கொம்புகளை நிலைபெறச் செய்தவர்.

அவ்வாறாயின், அஞ்சியவர் மறைந்தபின் அச்சுறுத்திய தொப்பி சிரிப்புக்கு இடமாகிவிடுகின்றது போலும். எமக்கோ போர் அத்தகைய பழங்கதையன்று. அது முடிந்தது 2009இலேதான். ஆகவே தோழரைத் தொலைபேசியில் அழைத்து, "குழிக்குள் இருந்து நடுங்கிய உமக்குப் போரை விளையாட எப்படி மனம் வந்தது?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: "மச்சான், இந்தச் சண்டையிலை செத்தவையெல்லாம் பின்னேரம் எழும்பிப் பெட்டிக்குள்ளை போவினம். அதுதான் எனக்குப் பிடிச்சது."

"அது சரி, தொப்பி எதற்கு?" என்றோம்.

"தொப்பி தலையிலை இருந்தாத்தான் இது விளையாட்டு எண்டு எனக்கு நினைவிருக்கும். அதில்லாமல் ஒருநாள் ஆடினனான். ஊர் நினைவு வந்திட்டுது. பாதியிலை எழும்பிட்டன்."

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. வெல்சும் தம் நூலின் முடிவில் ஏறத்தாழ இதனையே கருதினார். ஈயப் போரை மும்முறை நான்குமுறை ஆடிப் பார்ப்பவனுக்கு உண்மைப் போர் எத்துணைத் தடுமாற்றமான செயல் என்பது தானே விளங்கும் என்பது அவர் துணிபு. ஆயினும் அந்நூல் வெளிவந்த மறு ஆண்டிலேயே பெரும்போர் மூண்டது. ஆடியவர் விளங்கிக்கொண்டனர், ஆணையிட்டவர் ஆடிப் பார்க்கவில்லை போலும்.

இதனை நாம் எழுதிக்கொண்டிருக்கையில், எம் இளைய மகன் பழைய ஞாயிறு இதழொன்றை மடித்துத் தொப்பியாக்கி அணிந்து, ஈர்க்கு வாளுடன் முற்றத்திலே "படையெடு! படையெடு!" என்று கூவினான். அவன் தாயார் அதட்ட வாயெடுத்தார்.

"விடும்," என்றோம். "தொப்பி போட்டிருக்கிறான் அல்லவா?"