கிரில் தட்டும் கம்பி பிரஷும்: வாங்குமுன், தேய்க்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்

கேஸ் கிரில்லில் சுட்ட மீனைச் சாப்பிடும்போது தொண்டையில் சுருக்கென்று குத்துகிறது. முள்தான் என்று நினைத்து, வெறும் சோற்றை உருட்டி விழுங்குவதும் வாழைப்பழத்தை மெல்லாமல் இறக்குவதும் நம் வழக்கம். குத்தியது முள்ளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கிரில் தட்டைத் தேய்த்த கம்பி பிரஷிலிருந்து உதிர்ந்த இழையாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்தச் சோற்று உருண்டை அதை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை ஆறு பேர் இப்படிக் கம்பி இழையை விழுங்கிச் சிகிச்சைக்கு வந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. சிலருக்குக் கழுத்துப் பகுதியில் குத்தியிருந்தது. சிலருக்கு வயிறு, குடல் வரை போயிருந்தது. 2002 முதல் 2014 வரை அந்நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இதே காரணத்தால் வந்தவர்கள் சுமார் 1,698 பேர் என்று மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நம் ஊர் மொட்டைமாடிகளுக்கும் கேஸ் கிரில் வந்துவிட்ட நிலையில், இந்த ஆபத்தை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

எந்தத் தட்டை வாங்கலாம்?

கிரில்லில் உணவு நேரடியாகத் தொடும் பாகம் கம்பித் தட்டுதான். கடையில் பெரும்பாலும் கிடைப்பவை மூன்று வகை.

வார்ப்பிரும்பு: கனமானது, சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். தோசைக்கல்லைப் பழக்குவதுபோல இதையும் எண்ணெய் தடவி, சூடேற்றிப் பழக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும்.

எனாமல் பூசியது: பார்க்க வழவழப்பாக இருக்கும், பூச்சு முழுதாக இருக்கும்வரை துரு அண்டாது. ஆனால் எனாமல் என்பது கண்ணாடி வகைப் பூச்சு. இரும்புக் கரண்டி ஓங்கிப் பட்டாலோ, சூட்டோடு தண்ணீர் ஊற்றினாலோ தெறித்துவிடும். தெறித்த இடத்தில் ஈரம் இறங்கும், அடியில் இரும்பு துருவேறும், சுற்றியுள்ள பூச்சும் பெயர்ந்து கிளம்பும். அந்தச் சில்லு உணவில் ஒட்டும். பூச்சு உரியத் தொடங்கிய தட்டை மாற்றிவிடுவதே வழி.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: பராமரிப்பு குறைவு. 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருப்பதால் துருவை நன்கு எதிர்க்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 304 என்று நம்பிவிடாதீர்கள். விலை குறைந்த 201 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. வலையை மலிவாகக் கிடைக்கிறதே என்று வெட்டி மாட்ட வேண்டாம்; அது சமையலுக்கானது அல்ல.

எப்படிச் சுத்தம் செய்வது?

சமைத்து முடித்ததும் மூடியை மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் முழுத் தீயில் விடுங்கள். ஒட்டியிருப்பது கருகி உதிரும். பிறகு கேஸை அணைத்து, தட்டு ஆறியதும் தேங்காய் நாரோ மரச் சுரண்டியோ கொண்டு தேயுங்கள். வெந்நீரும் சோப்பும் போதும். ஈரத்தைத் துடைத்து, வார்ப்பிரும்பானால் லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். கம்பி பிரஷ் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அதை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால், அடுத்த முறை அடுப்பைப் பற்றவைக்குமுன் ஈரத்துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து, துணியை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். சிக்கிய இழை அதில் பளபளக்கும்.

அழுக்காகாமல் இருக்கட்டும் என்று தட்டு முழுவதையும் அலுமினியத் தாளால் மூடுவது ஆபத்து. காற்றோட்டம் தடைபட்டு, வெப்பம் கீழே தேங்கும். குழாயும் குமிழ்களும் உருகக்கூடும். அடியில் சேரும் கொழுப்பையும் அவ்வப்போது வழித்தெடுங்கள். அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கை எட்டினால் கேஸை மூடி, சமையல் சோடாவைத் தூவுங்கள். கேஸ் கசிவு சந்தேகம் என்றால் 1906-ஐ அழையுங்கள்.

குத்திவிட்டால்?

விழுங்கும்போது வலி, கழுத்து வலி, சாப்பிட்டபின் கடும் வயிற்றுவலி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். "கிரில்லில் சமைத்ததைச் சாப்பிட்டேன், தட்டைக் கம்பி பிரஷால் தேய்த்திருந்தார்கள்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த ஒரு வரிதான் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் எதைத் தேடுவது என்று அவருக்குக் காட்டும்.

சட்டம் என்ன தருகிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளால் விளைந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. தயாரிப்பிலும் வடிவமைப்பிலும் உள்ள குறை மட்டுமல்ல, போதிய எச்சரிக்கையும் பயன்பாட்டு விளக்கமும் தராததும் தயாரிப்பாளரின் பொறுப்பே. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளானால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ, மாற்றியமைத்திருந்தாலோ உங்கள் வழக்கு பலவீனமாகும். பட்டறையில் வெல்டிங் செய்த தட்டை மாட்டிவிட்டு கிரில் நிறுவனத்தின் மேல் பழி போட முடியாது.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது 2020-ன் மின்வணிக விதி. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்; வழக்கறிஞர் கட்டாயமில்லை; ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். பில், பொட்டலம், உதிர்ந்த பிரஷ், உரிந்த தட்டின் படம், மருத்துவர் எடுத்த இழை, சிகிச்சைச் சீட்டு எதையும் எறியாதீர்கள். பில் இல்லாமல் சற்று மலிவாகத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், பில் போட்டே வாங்குங்கள்.